கன்னத்துக்குள் ஒரு சொட்டு ஆசிட்

பல் பிடுங்குவதைப் பற்றி, இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் பல் மருத்துவர்களான உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. உங்கள் கைகள் இப்போது என் கைகளைவிட உறுதியானவை. நீங்கள் பயன்படுத்தும் கருவிகளில் பாதியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நான் பேச நினைப்பது வயதானவர்களின் வாயைப் பற்றி. அதிலும் பல்லை விட்டுவிடுங்கள். பல்லைச் சுற்றியிருக்கும் சதையைப் பற்றி.

வயதானவர்கள் நம் நாற்காலிக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலும் ஒரு வைத்தியத்தை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். தலைவலி மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கிவிட்டு, மறுநாள் வாய் வெந்து போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல்செட் குத்துகிறது என்று அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கொண்டுவந்த ஒரு மூதாட்டி உண்டு. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். திட்டுவோம் என்ற பயம். அவர்கள் மறைப்பதைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பால் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஈப்போ நகரில் ஒரு பல் சிகிச்சையகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலை ராயப்பன் என்பவர் வந்தார். வயது அறுபத்தெட்டு. ஈப்போவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ஒரு துண்டை வாங்கிய சீன முதலாளியின், தவுக்கேயின், கொட்டகையில், ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி ஷீட் போடும் வேலையை அவர் அந்த வயதிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறக்கச் சொன்னேன். இடது கன்னத்தின் உள்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பாலாடையைப் போல ஓரத்தில் உரிந்துகொண்டிருந்தது. கீழ்வரிசையில் நான்கு பல் கொண்ட ஒரு சிறு பல்செட். அதன் கம்பி ஒன்று கன்னப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன போட்டீங்க ஐயா?"

"ஒண்ணும் போடல டாக்டரம்மா. பல்செட்டு ஒரசுது. அதான் புண்ணு."

அவர் கைகளைப் பார்த்தேன். வலது கையின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நுனித்தோல் வெளுத்து உரிந்திருந்தது. நான் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். என் அப்பா ரப்பர் ஷீட் போடும் ஸ்டோரில் வேலை பார்த்தார். அந்த விரல்களை நான் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

"பால் கட்டுறதுக்கு ஊத்துற ஆசிட்டா ஐயா?"

அவர் பார்வையை மேலே விளக்குக்குத் திருப்பினார். பிறகு சொன்னார்: "பஞ்சுல ஒரு சொட்டுதான் வச்சேன். பச்சத் தண்ணி மாதிரி இருக்குற பாலையே அது கெட்டியா கட்டுது. புண்ண கட்டாதான்னு நெனச்சேன்."

எத்தனை நாள் வைத்தீர்கள் என்று கேட்டேன். நாலைந்து நாள் என்றார்.

எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோஷம். அதை இன்று வெட்கத்தோடுதான் சொல்கிறேன். விரல் நுனியைப் பார்த்துக் காரணத்தைப் பிடித்துவிட்டேன் இல்லையா. அமிலம் சுட்ட புண், கூடவே பல்செட்டின் கம்பி. கம்பியை வெட்டித் தேய்த்து வழவழப்பாக்கினேன். இரண்டு வாரம் பல்செட் போட வேண்டாம், வெற்றிலை புகையிலை வேண்டாம், உப்புத் தண்ணீரால் கொப்பளியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவருடைய சிகிச்சை அட்டையில் 'அமிலத் தீப்புண்' என்று ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். மதியம் சாப்பிடும்போது இந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னேன். எல்லோரும் ரசித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். கன்னம் அழகாக ஆறியிருந்தது. வெள்ளை எல்லாம் போய் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். கீழே கடைசிப் பல்லுக்குப் பக்கத்தில், ஈறும் கன்னமும் சேரும் மடிப்பில் மட்டும் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு புண் மிச்சமிருந்தது.

என்னிடம் உதவியாளராக இருந்தவர் ரொக்கியா அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அந்த வேலையில் இருப்பவர். உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "அந்த இடம் பெலும் பாய்க், டாக்டர்" என்றார். இன்னும் ஆறவில்லை என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

"அங்க ஆழமா சுட்டிருக்கு. கொஞ்சம் நாளாகும்" என்று நான் சொன்னேன். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். அட்டையில் முன்பு எழுதியதையே மறுபடி எழுதி, 'நன்றாக ஆறிவருகிறது' என்று சேர்த்தேன். அந்தப் புண்ணை நான் விரலால் தொடக்கூட இல்லை. விளக்கைத் திருப்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மூன்றாவது முறை அவர் மகள் பிலோமினாவுடன் வந்தார். பிலோமினா ஈப்போவில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்ப்பவள். பள்ளி விடுமுறை என்பதால்தான் அன்று அவளால் வர முடிந்தது. புண் அப்படியே இருந்தது. சொல்லப்போனால், கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"இன்னும் ஆறலையா டாக்டர்?" என்று பிலோமினா கேட்டாள்.

"ஆசிட் சுட்டது. நாள் எடுக்கும்."

"அது ஆசிட்டுக்கு முன்னயே இருந்துச்சே டாக்டர். ரெண்டு மாசமா ஒரே எடத்துல தடிப்பா இருக்கு, போகமாட்டேங்குதுன்னுதானே அப்பா ஆசிட்டையே வச்சாரு."

அவள் அதை யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்தாள். என் கையிலிருந்த, வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் வைத்தேன். பிறகு விரலை விட்டு அந்த இடத்தைத் தொட்டேன். புண்ணின் ஓரம் கெட்டியாக இருந்தது. துணிக்கு அடியில் சட்டைப் பொத்தான் அகப்படுவதைப்போல, சுற்றியுள்ள மெத்தென்ற சதைக்குள் அது தனியாக அகப்பட்டது.

"வலிக்குதா ஐயா?"

"இல்ல டாக்டரம்மா. அது எப்பவும் வலிச்சதில்ல. ஆசிட் வச்சப்பதான் எரிஞ்சிச்சு."

"புகையில எங்க அடக்குவீங்க?"

அவர் விரலால் கன்னத்தை வெளியிலிருந்து தொட்டுக் காட்டினார். அதே இடம்.

அவர் புண்ணுக்கு என்ன செய்தார் என்பதைக் கண்டுபிடித்த நான், புண்ணை மறந்துவிட்டேன். ஆசிட் வைப்பதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாளே கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். மறைக்க அதில் ஒன்றுமில்லை. ஆறு வாரம் போயிருந்தது.

நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, பெரிய மருத்துவமனையில் வாய் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும், சதையில் சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றேன். ராயப்பன் நாற்காலியிலிருந்து கால்களைக் கீழே போட்டார்.

"கத்தி பட்டா பரவும்லா. எங்க தோட்டத்து லயத்து வீட்டுல ஒருத்தருக்கு அப்படித்தான் வெட்டுனாங்க. மூணு மாசம் தாங்கல."

"அது பிந்திப் போனதால இருக்கும் ஐயா. இது அப்படி இல்ல."

"நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணுமில்ல, ஆசிட் சுட்டதுன்னு? ரெண்டு தடவ சொன்னீங்க. இப்ப என்ன?"

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் வாரேன் டாக்டரம்மா" என்று எழுந்து போய்விட்டார். பிலோமினா என்னையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள்.

அறையில் நானும் ரொக்கியா அக்காவும்தான் இருந்தோம். மேசையில் அவருடைய அட்டை. இரண்டாம் முறை வந்தபோது நான் எழுதிய வரிக்குப் பின்னால் அரை வரி வெறுமையாக இருந்தது. 'நன்றாக ஆறிவருகிறது'. அதற்குப் பிறகு, 'ஆனால் ஓரிடம் சந்தேகமாக இருக்கிறது, கவனிக்க வேண்டும்' என்று சேர்க்கத் தாராளமாக இடம் இருந்தது. அதே பேனா, அதே நீல மை. யாருக்கும் தெரியாது. நான் 'ஆனால்' என்ற வார்த்தையை எழுதியும்விட்டேன். அங்கே நின்றது பேனா. ரொக்கியா அக்கா கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வார்த்தையை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டேன். கீழே புது வரியில், 'முதல் இரண்டு முறையும் என் கணிப்பு தவறு' என்று எழுதினேன்.

பெரிய மருத்துவமனையின் அறுவை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். கடுமையானவர் என்று பெயர் எடுத்தவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் வேறு யார் பேச்சையும் நம்பவில்லையே, உங்கள் பேச்சைத்தானே நம்பியிருக்கிறார்? சொன்னதைத் திரும்பப் பெற வேண்டியதும் நீங்கள்தான். வியாழக்கிழமை பத்து மணிக்கு இடம் வைக்கிறேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, ராயப்பனைப் பார்க்கப் பேருந்து நிலையத்துக்குப் போனால், அங்கே ரொக்கியா அக்கா நின்றுகொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை. பேருந்தில் போகும்போது, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க" என்றேன்.

"சொன்னேன்" என்று அவர் மலாயில் சொன்னார். "ஆனால் மெதுவாகச் சொன்னேன். நீங்கள் டாக்டர், நான் உதவியாளர் என்று நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை."

உங்களில் உதவியாளர்களாக இருப்பவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும். அவர் சொன்னதை நான் அப்படியே உங்களிடம் விட்டுவிடுகிறேன். மருத்துவர்களுக்கு மட்டும் ஒன்று: அவர் ஏன் மெதுவாகச் சொன்னார் என்று என்னை நானே கேட்டுக்கொள்ள அதன்பின் எனக்கு நிறைய நேரம் கிடைத்தது.

கொட்டகை சாலையிலிருந்து உள்ளே கால் மைல். ராயப்பன் வரிசையாக அடுக்கிய தட்டுகளில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். ஆனால் உட்காரச் சொல்லவில்லை. நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"ஐயா, நான் தப்புப் பண்ணிட்டேன். ஒண்ணுமில்லன்னு ரெண்டு தடவ சொன்னேன். ரெண்டு தடவையும் நான் தொட்டுப் பாக்கல. நேத்துத்தான் தொட்டேன். அது ஆசிட் புண்ணு இல்ல."

"பின்ன என்ன?"

"புற்றா இருக்கலாம். உறுதியா தெரியாது. துணுக்கு எடுத்தாத்தான் தெரியும். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில உங்களுக்கு இடம் வச்சிருக்காங்க."

புற்று என்ற வார்த்தையைக் கேட்டும் அவர் முகம் மாறவில்லை. தட்டு ஒன்றில் மிதந்த நுரையை ஒரு பலகைத் துண்டால் வழித்தார்.

"வெட்டுனா பேச்சு போயிடுமா?"

"நாக்குல இல்ல. கன்னத்துல இருக்கு. பேச்சு போகாதுன்னு நெனக்கிறேன். ஆனா அத அந்தப் பெரிய டாக்டர்தான் சொல்லணும். நான் சொல்லி மறுபடியும் தப்பாயிடக் கூடாது."

"விட்டுட்டா?"

"பெருசாகும். வாயைத் திறக்க முடியாம போகும். அப்புறம் கழுத்துக்கு எறங்கும்."

"எத்தன நாள் தப்பா போச்சு?"

"ஆறு வாரம்."

ஆறு வாரம் என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆசிட் கலந்த தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு, ஒவ்வொரு தட்டாக ஊற்றிக் கலக்கத் தொடங்கினார். எங்களை மறந்துவிட்டவரைப்போல. நான் ஏதோ பேச வாயெடுத்தேன். ரொக்கியா அக்கா என் முழங்கையைத் தொட்டார்.

கடைசித் தட்டும் முடிந்தது. "இது கட்டறதுக்குக் கொஞ்ச நேரமாகும்" என்றார். "கட்டுனதும் மெஷின்ல போடணும். நாளைக்கு எத்தன மணி?"

"பத்து மணி ஐயா."

"தவுக்கே கிட்ட சொல்லிட்டு வாரேன். நீங்க நிக்காதீங்க, வெயிலு ஏறுது."

நாங்கள் போகவில்லை. பால் கட்டி, ஷீட்டை உருளையில் போட்டுப் பிழிந்து, கொடியில் காயப்போடும்வரை அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தோம். அவர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம்தான். பிறகு அவரே தேநீர் போட்டுத் தந்தார். மறுநாள் பத்து மணிக்கு அவரும் பிலோமினாவும் மருத்துவமனைப் பெஞ்சில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அது புற்றுதான். ஆரம்ப நிலையைத் தாண்டவில்லை. கன்னத்தின் உள்சதையில் ஒரு பகுதியையும் கீழ்த்தாடையின் ஓரத்தையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். பேச்சு போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிட்டார். மீன் பொரியலை முள் நீக்கித் துகளாக்கிப் பிலோமினா தருவாள்.

அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து நான் அந்த அறுவை மருத்துவரிடம் கேட்டேன், ஆறு வாரத்துக்கு முன் அனுப்பியிருந்தால் இவ்வளவு வெட்ட வேண்டியிருந்திருக்காதா என்று. அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இதேதான் வெட்டியிருப்பேனோ என்னவோ. குறைவாகவும் வெட்டியிருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்தக் கேள்வியோடு நீங்கள் வேலை செய்யப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்."

பழகிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதன்பின் ஆறாத புண் எதையும் நான் தொட்டுப் பார்க்காமல் விட்டதில்லை. இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், எனக்கு எவ்வளவு நல்ல காரணம் தெரிந்திருந்தாலும், அடுத்தவர் கண்ணுக்கு அனுப்பிவிடுவேன். வீணாக அனுப்புகிறேன் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். வீணாக அனுப்பியவைதான் அதிகம். வீணாகிப்போன ஒவ்வொரு பயணத்துக்கும் நான் சந்தோஷப்பட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். அந்தப் பழைய தோட்டத்துப் பக்கத்திலிருந்து வயதானவர்கள் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். யார் அனுப்பினார்கள் என்று கேட்டால், "ராயப்பண்ணே" என்பார்கள். பிலோமினாவைக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா கோயிலு, கல்யாண வீடு, எங்க போனாலும் விடறதில்ல டாக்டர். வெத்தல போடறவங்க யாரப் பாத்தாலும் கிட்ட கூப்பிட்டு வாயத் தொறன்னுவாரு. டார்ச் லைட்டு எப்பவும் சட்டப்பைல இருக்கும். திட்டுறவங்களும் இருக்காங்க. தன்னோட வாயத் தொறந்து காட்டிருவாரு. அதுக்கு மேல யாரும் பேசமாட்டாங்க."

வந்தவர்களில் பலருக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு வெள்ளைத் திட்டுகள் இருந்தன. வெற்றிலையை நிறுத்தச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ராயப்பன் அறுவைக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் இருந்தார். கடைசியில் இதயக் கோளாறில்தான் போனார்.

அவர் போவதற்குச் சில மாதங்களுக்கு முன் லெட்சுமி என்ற மூதாட்டி தனியாகப் பேருந்து ஏறி வந்தாள். எழுபதைத் தாண்டியவள். கையில் துணிப்பை, அதை மடியில் வைத்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். வாயைத் திறந்து, நாக்கை ஒதுக்கி, கன்னத்து மடிப்பில் ஓர் இடத்தைத் தானே விரலால் காட்டினாள். கடுகளவு இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது.

"வலிக்குதா பாட்டி?" என்று கேட்டேன்.

அவள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாத டாக்டரா என்பதைப்போல.

"வலிச்சா நான் ஏன் வாரேன்? வலிச்சா வீட்டுலயே கெடந்திருப்பேன். வலிக்கலன்னாத்தான் பஸ்ஸு ஏறிப் போன்னு ராயப்பண்ணே சொன்னாரு."

நான் விரலை உள்ளே விட்டுத் தொட்டேன். அன்றைக்கே அவளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன்.